சொந்தப் பல்

வச்சலாவுக்கு ஓரகத்தி தமிழரசியின் மேல் இருந்த பொறாமை குப்பத்துக்கே தெரியும். தமிழரசி மட்டும் தெரியாதவள்போல நடந்துகொள்வாள். அதுவும் வச்சலாவுக்குப் பொறுக்காது. அண்ணன் தேசப்பனைக் கட்டியவள் வச்சலா, தம்பி பூபாலனைக் கட்டியவள் தமிழரசி. புதுப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த தெருவில் இரண்டு வீடும் எதிரெதிரே இருந்தன. ஒரு வீட்டுச் சட்டியில் என்ன மீன் கொதிக்கிறதென்று மற்ற வீட்டு மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பூபாலன் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வந்தது. வச்சலா பொறுத்துக்கொண்டாள். புது ஃபைபர் படகு வந்தது, தம்பி படகில் அண்ணன் ஆளாகப் போய்வரத் தொடங்கினான். அதையும் எப்படியோ விழுங்கினாள். தமிழரசியின் மகள் வைஷாலி பல் டாக்டருக்குப் படித்து முடித்து, புதுப்பட்டினம் பஜாரிலேயே கண்ணாடிக் கதவு போட்டு ஆஸ்பத்திரி திறந்தபோதுதான் தாங்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வச்சலாவின் மகள் கீர்த்தனாவும் வைஷாலியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருத்தி கண்ணாடிக் கதவுக்குள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி மறைமலைநகர் போய், நின்றபடியே கார் பாகங்களைத் துடைத்து அடுக்குகிறாள். நினைக்கும்போதெல்லாம் வச்சலாவுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அவளிடமும் ஒன்று இருந்தது. பல்.

அப்படி ஒரு பல்வரிசை அந்தக் கரையில் எவளுக்கும் கிடையாது. சோடா மூடியைக் கடித்துத் திறப்பாள். நைலான் வலையின் முடிச்சைக் கத்தி தேடாமல் கடித்து அறுப்பாள். நண்டுக் காலை மற்றவர்கள் அம்மிக்கல்லில் வைத்துத் தட்டும்போது இவள் கடைவாயில் கொடுத்து ஒரே கடி கடிப்பாள், ஓடு இரண்டாகப் பிளந்துகொள்ளும். தமிழரசிக்குச் சின்ன வயதிலேயே பல் போச்சு. முன்பல் எகிறி நின்றது, பிரசவத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. எப்போது சிரித்தாலும் முந்தானை வாய்க்கு வந்துவிடும். அந்த முந்தானையைப் பார்ப்பதில் வச்சலாவுக்கு ஒரு தனி ருசி இருந்தது, அவள் அதை மறைத்ததும் இல்லை. வைஷாலி டாக்டரானதும் முதல் வேலையாக அம்மாவுக்குக் கட்டுப் பல் வைத்துவிட்டாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. முந்தானை இறங்கிவிட்டது.

"எல்லாம் பீங்கான்," என்று வச்சலா மீன் ஏலத்துக்கு வந்த பெண்களிடம் சொன்னாள். "காபி கப்பு மாரி. நம்புளுது சொந்தப் பல்லு."

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஐப்பசி கடைசியில், வாடைக் காற்று திரும்பிய ஒரு காலையில், இடது கடைவாயில் சுரீர் என்றது. மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். காற்று நின்றதும் வலியும் நின்றது. சரி, ஜல்பு என்று விட்டுவிட்டாள். பிறகு டீ பட்டால் வலித்தது. டீ இறங்கிப் போன பின்னும் பல்லுக்குள் யாரோ உட்கார்ந்து சுண்டிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் படாமலே வலித்தது. படுத்தால் அதிகமாகும். காது, நெற்றிப்பொட்டு, தாடை எல்லாம் ஒன்றாகத் தெறிக்கும். மீன் பெட்டியில் மிச்சம் கிடக்கும் ஐஸை உடைத்துக் கன்னத்துக்குள் அடக்கினால் வலி அடங்கியது. ஐஸ் கரைந்தால் மறுபடி ஆரம்பித்தது. மீன்காரி வீட்டில் ஐஸுக்கா பஞ்சம். வேறு எவளாக இருந்தாலும் ரெண்டாம் நாளே டாக்டரிடம் ஓடியிருப்பாள், இவளுக்கு அந்த ஐஸ் பெட்டிதான் வைத்தியன் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா வீட்டில் இருந்தாள். வாசலில் குந்தி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, டீய வெச்சு எவ்ளோ நேரமாவுது. ஆறிப் போயி ஆடை கட்டிகினு கீது."

"சூடா கீது. ஆறட்டும்."

"ராத்திரில எந்திரிச்சு ஐஸ் பொட்டிய தெறக்கிறியே, அது இன்னா?"

"எலி."

"எலி ஐஸு துன்னுதா? பல்லு வலிக்குதுன்னு சொல்றதுக்கு இன்னாம்மா உனுக்கு?"

வச்சலா எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கத்தாதடி. வூட்டுக்கு வூடு காது கீது."

"வைஷு கைல காட்டலாம். தங்கச்சி மொற தானே எனுக்கு. ஒரு நிமிசத்துல பாத்துடுவா."

"அவ கைல வாயத் தெறக்கறதுக்கு நான் கடல்ல வுழுந்துடுவேன்."

"அப்ப செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வா. நான் லீவு போடறேன்."

"பஸ்ஸுல எவளாவது பாப்பா. எங்க போனன்னு கேப்பா. பல்லுக்குன்னு தெரிஞ்சா எதிர்வூட்டுக்குப் போவாதா அந்தச் சேதி?"

"ஊரப்பாக்கத்துல என் கூட வேல செய்ற பொண்ணு கீறா. அவ தெருவுலயே ஒரு டாக்டரு கீறாராம். ரயிலேறிப் போயிட்டு வந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"வோணாம்."

"சித்திக்குத் தெரிஞ்சாதான் இன்னாம்மா?"

தெரிந்தால் என்னவா? அவளுக்கு டைல்ஸ் வீடில்லை, படகில்லை, டாக்டர் மகளில்லை. தமிழரசியைவிட ஒரு படி மேலே நிற்க அவளுக்கு இருந்தது அந்தப் பல்வரிசை ஒன்றுதான். அதில் ஒன்று சொத்தை என்று தமிழரசி மகளின் வாயாலேயே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு எதிர்வாசலைப் பார்ப்பது? மகள் தன் சம்பளத்தில் வாங்கித் தந்த புடவையைக்கூட தமிழரசி பார்க்கும்படி உலர்த்துகிறவள் அவள். நெத்திலித் தலையைக் கிள்ளி எறிந்தாள்.

"ஊரு ஒலகத்துல ஒருத்திக்கும் வராத வலியா இது? தானா வந்துச்சு, தானா போவும்."

போயும்விட்டது. அதுதான் வேடிக்கை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை எழுந்தபோது வலி இல்லை. டீயைச் சூடாகவே குடித்துப் பார்த்தாள். இல்லை. ஐஸைக் கடித்துப் பார்த்தாள். குளிர்ச்சிகூடத் தெரியவில்லை, கல்லை அடக்கியதுபோல இருந்தது. வச்சலாவுக்கு அன்றைக்கு உலகமே பிடித்துப் போயிற்று. ஆபீசர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் பக்கம் சங்கரா மீன் விற்கப் போனவள், எப்போதும் பேரம் பேசியே சாகடிக்கும் அம்மாளுக்குக் கூடவே ரெண்டு மீனைப் போட்டுவிட்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தோடு எதிர்வீட்டு விருந்தும் வந்து சேர்ந்தது. வைஷாலியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையும் டாக்டர். பிடித்துப் போயிற்று என்று போன் வந்ததும் தமிழரசி தேசப்பன் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல். புது டைல்ஸில் வரிசையாக இலை போட்டிருந்தது. தமிழரசி பரிமாறிக்கொண்டே சிரித்தாள். பீங்கான் பளபளத்தது. மாப்பிள்ளை எப்படி, மாப்பிள்ளை வீடு எப்படி என்று தேசப்பன் வேறு விசாரித்துத் தொலைத்தான். வச்சலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நண்டுக் காலு கெட்டியா கீதுக்கா," என்றாள் தமிழரசி. "இரு, கல்லெடுத்தாறேன். நான்லாம் இத்த கடிக்கக் கூடாதுன்னு வைஷு சொல்லிக்கீறா."

"எனுக்கு எதுக்குடி கல்லு?"

இருப்பதிலேயே பெரிய கொடுக்கை எடுத்தாள் வச்சலா. எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். வலது பக்கம் கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றே இடது கடைவாயில் கொடுத்தாள், தனக்கே ஒரு நிரூபணம்போல. படார் என்று ஓடு பிளந்தது. பூபாலன், "பாத்தியா, அண்ணி அண்ணிதான்!" என்று தொடையைத் தட்டினான். தமிழரசியின் சிரிப்பு ஒரு நொடி சுருங்கியது. அந்த ஒரு நொடிக்காகத்தான் வச்சலா கடித்தாள். ஓட்டுச் சில்லோடு வேறொரு சில்லும் நாக்கில் தட்டுப்பட்டது. அது நண்டினுடையது அல்லவென்று அவளுக்குத் தெரிந்தது. துப்பாமல் சோற்றோடு விழுங்கிவிட்டாள்.

கை கழுவப் போனபோது வைஷாலி பின்னாலேயே வந்தாள்.

"பெரிம்மா, நீ ரொம்ப நாளா ஒரு பக்கமாவே மெல்ற. நான் பாத்துகினுதான் கீறேன். வலிச்சுதா?"

"எனுக்கா? வலியா?"

"ஜில்லுன்னு பட்டா கூசி, ஒடனே நின்னா அவசரமில்ல, மெதுவா வந்து காட்டலாம். நிக்காம வலிச்சா வரணும். தூங்க வுடாம தானா வலிச்சா மறுநாளே வந்துடணும். அப்பிடி வலிச்சது திடீர்னு நின்னுபோச்சுன்னா, அன்னிக்கு ஓடி வரணும் பெரிம்மா. உள்ள நரம்பு செத்துட்டா வலி தெரியாது. சீழு மட்டும் அடில எறங்கிகினே இருக்கும்."

பெண் அக்கறையோடுதான் சொன்னாள். வச்சலாவின் காதில் அது படித்தவளின் பீற்றலாக விழுந்தது. தன் நடு ராத்திரியை எல்லாம் இவள் எட்டி நின்று பார்த்திருக்கிறாளே என்று கோபம் வந்தது.

"உங்கம்மாவுக்குச் சொல்லும்மா இத்தெல்லாம். என் பல்லு எனுக்கு நல்லாத்தான் கீது," என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்கு மறுநாளே கன்னம் கனத்தது. அடுத்த நாள் வீங்கியது.

"இன்னாமே, ஒரு பக்கம் பன்னு வெச்ச மாரி கீது," என்றான் தேசப்பன்.

"குளவி கொட்டிடுச்சு."

அவன் பாவம், நல்ல மனசுக்காரன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து பதமாக ஒத்தடம் கொடுத்தான். சூடு பட்டதும் இதமாக இருந்தது, வீக்கம் என்னவோ தாடைக்குக் கீழே இறங்கியது. காய்ச்சல் வந்தது. கஞ்சியை விழுங்கக் கஷ்டப்பட்டாள். கீர்த்தனா அழுதுகொண்டே சண்டை போட்டாள், "நாளைக்கு நான் வேலைக்குப் போவல, உன்னைக் கட்டித் தூக்கிகினாவது போவேன்" என்றாள். அவள் தூங்கி எழுவதற்குள் வச்சலா கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள். ஒரு நாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அதற்குப் பயந்தாள்.

வானம் மூட்டமாக இருந்தது. தூறலும் வாடையும் சேர்ந்து மணலை முகத்தில் அடித்தன. படகுகள் ஏறி நின்றன. நல்ல பாடு, வலை நிறைய மீன். காரப்பொடியும் சங்கராவும் தார்ப்பாயில் குவிந்து கிடந்தன. ஏலம் விடுகிற வேண்டா என்பவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலின் நடுவில் நின்றாள்.

அந்தக் கரையில் ஏலத்துக்கு ஒரு கட்டு உண்டு. வாய் திறந்து விலை கேட்டால்தான் கேள்வி. தலையாட்டல், கைகாட்டல் எதுவும் செல்லாது. முன்பொரு காலத்தில் ஒருத்தி மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டத் தலையை ஆட்டப்போய், கூடை வஞ்சிரம் அவள் தலையில் விழுந்து, இரண்டு குடும்பம் மயிரைப் பிடித்துக்கொண்டு புரண்டு, அதன் பிறகு ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்த கட்டு அது. ஏலத்தில் வச்சலாவின் குரல் எப்போதும் எடுப்பாகக் கேட்கும்.

அன்றைக்குச் சங்கராக் குவியல் வந்தது. வச்சலா வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. பல்லிடுக்கில் விரல் நுழையும் அளவுகூட இடைவெளி வரவில்லை. தலையை ஆட்டினாள்.

"வாயால கேளு வச்சலா," என்றாள் வேண்டா.

கையைத் தூக்கினாள். முகத்தில் சுற்றியிருந்த முந்தானை நழுவியது. கூட்டம் அவளைப் பார்த்தது. தாடையும் கழுத்தும் ஒன்றாக வீங்கி, தோல் மினுமினுவென்று சிவந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்த தமிழரசியும் பார்த்தாள். மகள் டாக்டரான பிறகும் அவள் கூடையை விடவில்லை. அதுவும் வச்சலாவுக்கு ஒரு எரிச்சல்.

தமிழரசி குவியலைத் தாண்டி வந்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு வச்சலாவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"நெருப்பா கொதிக்குது. எக்கா, எச்சி முழுங்க முடியுதா?"

வச்சலா அவள் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு இரண்டு எட்டு நடந்தாள், ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், தமிழரசியின் காலடியில். செத்தாலே தேவலை என்று இருந்தது.

தமிழரசி அவளை ஆட்டோவில் ஏற்றிப் பஜாருக்குக் கொண்டுபோனாள். வைஷாலி நாற்காலியில்கூட உட்கார வைக்கவில்லை. வாசலிலேயே ஆட்டோவுக்குள் குனிந்து தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். முடியவில்லை.

"இங்க வெச்சுக்கக் கூடாது. வீக்கம் தொண்டைக்கு எறங்குது, மூச்ச அடைச்சுடும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போவணும். நான் போன் பண்ணிச் சொல்றேன்." வாசலில் காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டினாள். பக்கத்துக் கடைக்காரரின் கார் வந்தது. கீர்த்தனா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். பின்சீட்டில் வச்சலா, படுத்தால் மூச்சு முட்டுமென்று நிமிர்த்தி உட்கார வைக்கப்பட்டு, தமிழரசியின் தோளில் சாய்ந்திருந்தாள். மறுபக்கம் வைஷாலி நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. ஏரி நிரம்பிக் கிடந்தது. கண்ணாடியில் மழை வழிந்தது.

"எக்கா," என்றாள் தமிழரசி. "இன்னிக்கு நீ எதிர்ப் பேச்சு பேச முடியாது. அதான் சொல்றேன். கம்முனு கேளு. நான் கல்யாணமாயி வந்த புதுசு. மாமியா நம்ப ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொல்லுச்சே, பெரியவ சிரிச்சா வெளக்கு ஏத்துன மாரி கீது, சின்னவ சிரிச்சா ஊதி அணைச்ச மாரி கீதுன்னு. நீ சிரிச்ச. எம் மூஞ்சிய பாத்துகினே சிரிச்ச. அன்னிக்கு மூடுன வாயிக்கா."

வச்சலா கண்ணை மூடிக்கொண்டாள். ஞாபகம் இருந்தது.

"அத்தோட போச்சா? வூட்டுக்கு எதிர வூடு. தெனம் நீ சோடா மூடி கடிப்ப, முடிச்ச கடிப்ப, நண்டு கடிப்ப. எனுக்கு வயிறு பத்திகினு எரியும். உன் பல்லு கொட்டணும்னு கன்னியம்மா கோயில்ல வேண்டிக்கூட கீறேன், ஆத்தா சத்தியமா. இவுளுக்கு நல்ல மார்க்கு வந்துச்சு. டீச்சருங்க கம்பியூட்டருன்னாங்க, இவங்கப்பா நர்சுன்னாரு. நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். பல்லு டாக்டருதான் ஆவணும்னு. எதுக்குன்னு நெனைக்கற? ஊருக்கு நல்லது பண்ணவா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உன் எதிர்ல வாயத் தெறந்து சிரிச்சுடணும்னுதான்."

"அம்மா, இன்னாம்மா இதெல்லாம், இப்பப் போயி," என்றாள் வைஷாலி.

"இப்ப வுட்டா எப்ப சொல்றது? நல்லா கீறப்ப இவ என்ன பேச வுடுவாளா?"

முன்சீட்டில் கீர்த்தனா அழுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் வச்சலா எந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து எரிந்தாளோ, அந்தக் கதவே தன் பல்லைப் பார்த்து இன்னொருத்தி எரிந்த எரிச்சலில் வந்ததா? காய்ச்சலிலும் அவள் மனசுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. தமிழரசியின் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. வாய் கொஞ்சம் திறந்த பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார், தேசப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போனார். ஒத்தடம் கொடுத்த கையை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தை பிறந்தது. வாடை அடங்கி வெயில் வந்தது. வச்சலா கரைக்குப் போனாள், பழைய குரலில் விலை கேட்டாள். ஒரு காலையில் செம்புத் தண்ணீரைக் குடிக்கும்போது வலது பக்கம் லேசாகக் கூசியது. உடனே நின்றும்விட்டது. செம்பை வைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, பஜார் வழியாக எல்லோரும் பார்க்க நடந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

தமிழரசி அங்கே இருந்தாள். மகளுக்குச் சோறு கொண்டுவந்தவள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா," என்றாள். பீங்கான் பளிச்சென்றது.

"தண்ணி பட்டா கூசுது வைஷு. பட்டா மட்டும்தான். வலிக்கறதுக்கு முன்னயே வந்துட்டேன்," என்று நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள் வச்சலா.

வைஷாலி விளக்கை இழுத்து வாய்க்குள் அடித்தாள். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னப் பொத்தல்தான் பெரிம்மா. இன்னிக்கே அடைச்சுடலாம். இப்பிடி வந்தா எனுக்கு வேலையே இல்ல." பிறகு ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனாள். "எடுத்தது ஒண்ணு போச்சே தவிர மத்ததெல்லாம் கல்லு. ஒண்ணுகூட ஆடல. இந்த வயசுல இப்பிடிச் சொந்தப் பல்லு நான் ஒருத்தர் வாயிலயும் பாக்கல."

வச்சலா கடைக்கண்ணால் ஸ்டூல் பக்கம் பார்த்தாள். தமிழரசியின் கை முந்தானையோடு மெல்ல மேலே ஏறி, வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"போதும் பெரிம்மா, இவ்ளோ தெறக்க வோணாம்," என்றாள் வைஷாலி.

வச்சலா இன்னும் கொஞ்சம் திறந்தாள்.